80ஆம் கோடானில் ஓர் எழுத்து: ஜி.எஃப்.பி. குளோனிங்கும் உயர் துல்லிய பாலிமரேஸும்

1994 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை உயிரியல் ஆய்வின் போக்கையே மாற்றியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபியும் அவருடைய குழுவினரும் எழுதியது. ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒரே ஒரு மரபணு போதும், ஈ. கோலை பாக்டீரியாவும் பச்சையாக ஒளிரும், சீ. எலிகன்ஸ் புழுவின் நரம்புச் செல்லும் ஒளிரும் என்று அது காட்டியது. பச்சை ஒளிர் புரதம், சுருக்கமாக ஜி.எஃப்.பி., அதற்குப் பிறகு நுழையாத ஆய்வகமே இல்லை என்று சொல்லலாம். 2008இல் ஒசாமு ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கட்டுரையின் பின்குறிப்புகளில் சிறிய எழுத்தில் ஒரு தகவல் இருக்கிறது. பி.ஜி.எஃப்.பி.10.1 என்ற பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) உள்ள மரபணு, ஏற்கெனவே வெளியான வரிசையோடு ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிதான் கோடான். 80ஆம் கோடான் சி-ஏ-ஜி என்று இருக்க வேண்டும். இங்கே சி-ஜி-ஜி என்று இருக்கிறது. அதனால் குளூட்டமின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வருகிறது. ஒளிரும் தன்மையில் இதனால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. இதை முதலில் கவனித்துச் சொன்னது சியெனின் ஆய்வகம் என்றும் குறிப்பு சொல்கிறது. 1998இல் ஜி.எஃப்.பி. பற்றி விரிவாக எழுதிய சியென், இந்த மாற்றம் பெரும்பாலும் பி.சி.ஆரில், அதாவது டி.என்.ஏ.வைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கும் முறையில், நேர்ந்த பிழையாக இருக்கும் என்றார். கியூ80ஆர் என்று இதற்குப் பெயர்: கியூ குளூட்டமினுக்கும் ஆர் ஆர்ஜினினுக்கும் உள்ள ஒற்றையெழுத்துக் குறி.

டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிதான் பாலிமரேஸ்; தன் பிழையைத் தானே திருத்துவது உயர் துல்லிய பாலிமரேஸ். அது எதற்கு, எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று யோசிக்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. பிழை எங்கே நுழைந்திருக்கும், எப்படிப் பரவியது, ஏன் யாரையும் பாதிக்கவில்லை என்று எல்லாமே ஆவணங்களில் இருக்கிறது. குழு தன் பிளாஸ்மிடைச் சீக்வென்ஸ் செய்து (எழுத்து வரிசையைப் படித்து), வந்த வேறுபாட்டை வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் இன்று நாம் இதைப் பேச முடிகிறது.

பி.சி.ஆர். இல்லாமல் அந்தப் பச்சை ஒளி இல்லை

ஜி.எஃப்.பி.யின் மரபணுவை முதலில் குளோன் செய்தவர் (பிரித்தெடுத்துப் பாக்டீரியாவில் படியெடுத்தவர்) அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் இருந்த டக்ளஸ் பிராஷர். 1992இல் 'ஜீன்' இதழில் அந்த வரிசை வெளியானது. தொடர்ந்து ஆய்வு செய்ய அவருக்கு நிதி கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கு மரபணுவை அனுப்பி வைத்தார்; சால்ஃபிக்கும் சியெனுக்கும் அப்படித்தான் கிடைத்தது. நோபல் பட்டியலில் பிராஷர் இல்லாதது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

கொலம்பியாவில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் கியா யூஸ்கிர்ஷன் என்ற ஆய்வு மாணவி. அதே சமயத்தில் வேறு சில ஆய்வகங்களும் இந்த மரபணுவைப் பாக்டீரியாவில் போட்டுப் பார்த்தன, ஒளி வரவில்லை. ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியால் (குறிப்பிட்ட வரிசையில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) வெட்டி எடுத்ததால் மரபணுவோடு அதன் இரு பக்கத்து உபரி வரிசையும் கூடவே போனது, அதுதான் தடையாக இருந்தது என்பது சால்ஃபி பிறகு தந்த விளக்கம். யூஸ்கிர்ஷன் பி.சி.ஆர். மூலம் புரதத்துக்கான பகுதியை மட்டும் பெருக்கி எடுத்தார். பாக்டீரியா ஒளிர்ந்தது. சால்ஃபியின் ஆய்வகத்து நுண்ணோக்கி அவ்வளவு நன்றாக இல்லை என்பதால், தான் முன்பு வேலை செய்த பொறியியல் ஆய்வகத்துக்குப் போய் அங்கிருந்த கருவியில்தான் அதை முதலில் பார்த்தார்.

ஆகவே இந்தக் கதையில் பி.சி.ஆரைக் குறை சொல்ல வழியில்லை. வெற்றியைத் தந்ததும் அதுதான், அந்த ஓர் எழுத்தை மாற்றியதும் பெரும்பாலும் அதுதான். மூல மரபணுவை முதலில் பி.சி.ஆரில் பெருக்கி ஒரு பிளாஸ்மிடில் வைத்தார்கள். பாக்டீரியாவில் புரதம் தயாரிப்பதற்கான அமைப்புக்கு இன்னொரு முறை பெருக்கினார்கள். முறைக்காக அவர்கள் மேற்கோள் காட்டுவது ராண்டல் சைகியும் மற்றவர்களும் 1988இல் எழுதிய கட்டுரையை. டாக் பாலிமரேஸை பி.சி.ஆருக்குக் கொண்டுவந்த கட்டுரை அது.

அந்த 1988 கட்டுரையே எச்சரிக்கையையும் தந்திருந்தது. 239 பேஸ் (அதாவது எழுத்து) நீளமுள்ள ஒரு துண்டை 30 சுழற்சி பெருக்கி, குளோன் செய்து, 28 குளோன்களைப் படித்தபோது மொத்தம் 17 தவறான எழுத்துகள் கிடைத்தன. ஏறக்குறைய 400 எழுத்துக்கு ஒன்று. அதே ஆண்டில் டிண்டால், குங்கெல் இருவரும் டாக் ஒரு தடவை நகலெடுக்கும்போதே சுமார் 9,000 எழுத்துக்கு ஒன்றை மாற்றிப் போடுகிறது என்று அளந்து சொன்னார்கள்.

ஏ இருந்த இடத்தில் ஜி

80ஆம் கோடானை அருகில் போய்ப் பார்க்கலாம். ஓர் இழையில் சி-ஏ-ஜி. நடு எழுத்து ஏ. எதிர் இழையில் அதற்கு நேராக டி. பாலிமரேஸ் அந்த எதிர் இழையை நகலெடுத்து வரும்போது, டி எதிரே ஏ-வை வைக்க வேண்டும். ஆனால் டியோடு ஜியும் ஓரளவு பொருந்திக்கொள்ளும். சற்றுச் சாய்ந்து, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளோடு நிற்கும். ஏ வர வேண்டிய இடத்தில் ஜி வந்து உட்கார்ந்துவிட்டால் புது இழையில் சி-ஜி-ஜி. அடுத்த சுழற்சியில் அந்த ஜி எதிரே ஒழுங்காக சி வந்து சேரும். அதற்கப்புறம் அது பிழை என்று காட்ட எந்த அடையாளமும் மிச்சமிருக்காது. இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும்.

டாக் செய்யும் பிழைகளில் மிக அதிகம் இந்த வகைதான்: ஏ-டி ஜோடி, ஜி-சி ஜோடியாக மாறுவது. கியூ80ஆர் அந்த அச்சிலேயே இருக்கிறது.

பிழை திருத்தும் பாலிமரேஸ் இதே இடத்தில் என்ன செய்யும்? தவறான எழுத்து உட்கார்ந்ததும் இழையின் நுனி சரியான கோணத்தில் நிற்பதில்லை. அடுத்த எழுத்தைச் சேர்க்கும் வேகம் சட்டென்று குறைகிறது. அந்தத் தாமதத்தில் நுனி மெல்லப் பிரிந்து, அதே நொதியின் இன்னொரு பகுதிக்கு நகர்கிறது. அங்கே 3 முனையிலிருந்து 5 முனை நோக்கி (இழையின் இரு முனைகளுக்கும் உள்ள பெயர்கள் இவை; புது எழுத்து சேர்வது 3 முனையில்) வெட்டும் கத்தரி இருக்கிறது. தவறான எழுத்து வெட்டப்படுகிறது. நுனி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. மறுபடி எழுத்து சேர்கிறது. டாக்கிலும் தாமதம் உண்டு, ஆனால் வெட்டும் பகுதி செயலற்றது. அதனால் டாக் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, பிழையோடு மேலே போய்விடும், இல்லையென்றால் இழையை விட்டு விலகிவிடும்.

டாக் வந்த தெர்மஸ் அக்வாட்டிகஸ், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த பாக்டீரியா. திருத்தும் நொதிகள் பெரும்பாலும் ஆர்க்கியா வகை (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒற்றைச் செல்) உயிரிகளிலிருந்து வந்தவை. இத்தாலியின் வல்கானோ தீவுக் கடலோரத்தில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் 100 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும், பி.எஃப்.யூ. பாலிமரேஸ் அதனுடையது. அது டாக்கைவிடத் துல்லியமானது என்ற கட்டுரை 1991இல் வந்தது. ஜப்பானின் கொடகரா தீவிலிருந்து வந்தது கே.ஓ.டி. பாலிமரேஸ். பி.எஃப்.யூ.வின் குறை வேகம்: ஆயிரம் பேஸுக்கு இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 2004இல் வெளியான ஒரு வேலை இதைத் தீர்த்தது. டி.என்.ஏ.வை இறுகப் பிடிக்கும் எஸ்.எஸ்.ஓ.7டி என்ற குட்டிப் புரதத்தைப் பாலிமரேஸோடு ஒட்டவைத்தார்கள். நொதி இழையை விடாமல் பிடித்துக்கொண்டு நீண்ட தூரம் ஓடியது. ஃபியூஷன் போன்ற இன்றைய உயர் துல்லிய நொதிகள் இந்த வழியில் உருவானவை.

கூட்டத்தில் மறையும், குளோனில் நிலைக்கும்

என் கருத்தில் இந்த நிகழ்வின் மையம் இந்தப் பகுதிதான். பிழை விகிதத்தை மட்டும் பார்த்து நொதியைத் தேர்வு செய்வது பாதிக் கணக்கு. அந்தப் பிழை பிறகு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

1 நானோகிராம் பிளாஸ்மிடை டெம்ப்ளேட்டாக (நகலெடுக்கப்படும் மூல டி.என்.ஏ.வாக) எடுத்துக்கொள்வோம், நீளம் 4,000 பேஸ். அதில் ஏறத்தாழ 23 கோடி மூலக்கூறுகள் இருக்கும். முதல் சுழற்சியிலேயே ஒன்றில் பிழை விழுந்தாலும், அந்தப் பிழையின் வாரிசுகள் கடைசிக் குழாயில் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பிழைகள் ஏராளமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். அந்தக் குழாயை அப்படியே சேங்கர் சீக்வென்சிங்குக்கு (குழாயில் உள்ள மூலக்கூறுகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் முறை) கொடுத்தால் ஒவ்வோர் இடத்திலும் பெரும்பான்மை எழுத்துதான் உச்சமாகத் தெரியும். வரைபடம் சுத்தமாக இருக்கும்.

அதே குழாயிலிருந்து துண்டுகளை எடுத்து வெக்டரில் (துண்டைச் சுமக்கும் பிளாஸ்மிடில்) ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, தட்டிலிருந்து ஒரு காலனியைக் குச்சியால் தொட்டு எடுக்கும்போது கதையே வேறு. அந்தக் காலனி ஒரே ஒரு மூலக்கூறின் சந்ததி. அந்த மூலக்கூறில் என்ன இருந்ததோ அதுதான் இனி நூறு சதவீதம். பெரும்பான்மை என்ற பாதுகாப்பு போய்விட்டது.

எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நியூ இங்கிலாந்து பயோலேப்ஸைச் சேர்ந்த பொட்டாபோவ், ஓங் இருவரும் 2017இல் ஒற்றை மூலக்கூறு சீக்வென்சிங் மூலம் பல பாலிமரேஸ்களை அளந்தார்கள். ஒரு இரட்டிப்புக்கு டாக் பத்தாயிரம் பேஸில் 1.5 பிழை; பி.எஃப்.யூ. பத்து லட்சத்தில் 5.1, ஃபியூஷன் பத்து லட்சத்தில் 3.9, கே.ஓ.டி. பத்து லட்சத்தில் 12. கியூ5 என்ற உயர் துல்லிய நொதி ஒரு கோடியில் 5.3. கியூ5 அந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு என்பதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 2014இல் வேறொரு குழு குளோன்களை நேரடியாகப் படித்து அளந்தபோது டாக்கின் பிழை லட்சத்தில் 3 முதல் 5.6 என்றே வந்தது, பி.எஃப்.யூ., ஃபியூஷன் ஆகியவை அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் துல்லியம் என்றும் வந்தது. அளக்கும் முறைக்கேற்ப எண் மாறும், வரிசை பெரிதாக மாறாது.

ஜி.எஃப்.பி. மரபணு, நிறுத்தக் கோடானையும் சேர்த்து, 717 பேஸ். 20 இரட்டிப்பு நடந்ததாக வைத்து, 2017 எண்களைப் போட்டால்: டாக்கில் ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக 2.15 பிழை. ஒரு பிழைகூட இல்லாத மூலக்கூறுகள் 12 சதவீதம்தான். பி.எஃப்.யூ.வில் 93 சதவீதம், ஃபியூஷனில் 95க்கு அருகில், கியூ5இல் 99க்கு மேல். டாக்குக்குச் சாதகமாக 2014இன் குறைந்த எண்ணை எடுத்தாலும், மூன்றில் ஒரு பங்கு குளோன்களில் ஏதோ ஒரு மாற்றம் இருக்கும். இவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அமினோ அமிலத்தை மாற்றாமல் போகும். மீதி புரதத்தைத் தொடும்.

இந்தக் கணக்கில் சுழற்சி எண்ணிக்கை இல்லை, இரட்டிப்பு எண்ணிக்கை (டி.என்.ஏ. உண்மையில் எத்தனை முறை இரண்டு மடங்கானது என்பது) இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நொதியைத் தேர்ந்தெடுக்கும் எல்லோரும் இதைக் கவனிப்பதில்லை. 1 நானோகிராம் பிளாஸ்மிடிலிருந்து 717 பேஸ் துண்டு 1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 13 இரட்டிப்பு போதும். 10 நானோகிராம் மனித டி.என்.ஏ.வில் ஒரு மரபணுவின் நகல் சுமார் 3,000தான். அங்கிருந்து அதே அளவுக்கு வர 29 இரட்டிப்பு வேண்டும். டெம்ப்ளேட்டைக் கூட்டினாலே பிழை பாதிக்குக் கீழே இறங்கும். இதற்குக் காசு செலவில்லை.

அதிர்ஷ்டம் எங்கே இருந்தது

கியூ80ஆர் யாரையும் பாதிக்காததற்குக் காரணம் அது விழுந்த இடம். ஜி.எஃப்.பி.யின் ஒளி பிறப்பது 65, 66, 67ஆம் அமினோ அமிலங்களில்: செரின், டைரோசின், கிளைசின். இவை மூன்றும் தாமாகவே சுருண்டு இணைந்து நிறத்தைத் தரும் வளையத்தை உண்டாக்குகின்றன. 66ஆம் கோடான் டி-ஏ-டி. இங்கேயும் நடுவில் ஏ. அதே ஏ-இலிருந்து ஜி மாற்றம் 42 பேஸ் முன்னால் விழுந்திருந்தால் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்திருக்கும். பச்சை ஒளி இருந்திருக்காது.

65ஆம் இடத்தில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்று சியெனின் குழு 1995இல் காட்டியது. செரின் இருந்த இடத்தில் திரியோனின் வைத்ததும் ஒளியை உறிஞ்சும் உச்சம் 395 நானோமீட்டரிலிருந்து 489க்கு நகர்ந்து, புரதம் பல மடங்கு பிரகாசமானது. 66இல் ஹிஸ்டிடின் வைத்தால் நீலம். ஓர் எழுத்து மாறினால் ஒன்றும் ஆகாது என்று இந்தப் புரதத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

அன்றைய சூழலையும் நினைக்க வேண்டும். ஜி.எஃப்.பி. ஒளிர ஜெல்லி மீனின் வேறு நொதிகளும் வேண்டும் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். இருளாக வளர்ந்த ஒரு குளோன் அந்த எண்ணத்துக்குச் சான்றாகவே தோன்றியிருக்கும். வேறு ஆய்வகங்களில் ஒளி வராததும் சேர்ந்துகொண்டால், இந்த வழியையே கைவிட்டிருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. புரதம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் ஒரு சல்லடைதான். கெடுதல் செய்யும் பிழையை அது பிடித்துவிடும். கெடுதல் செய்யாத பிழை அதன் வழியே நுழைந்து, சரியான குளோன் என்ற பெயரோடு மேலே போகும்.

கியூ80ஆர் அப்படித்தான் போனது. பிளாஸ்மிட் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. அவர்கள் அதன்மேல் தங்கள் மாற்றங்களைச் செய்தார்கள். 1996இல் வெளியான ஜி.எஃப்.பி.யின் படிக அமைப்பில், வேண்டுமென்றே செய்த எஸ்65டி (65ஆம் செரின் திரியோனினாகும்) மாற்றத்தோடு கியூ80ஆரும் பதிவாகியிருக்கிறது. 2006இல் லாஸ் அலமோஸில் உருவாக்கப்பட்ட சூப்பர்ஃபோல்டர் ஜி.எஃப்.பி.யின் 80ஆம் இடத்திலும் ஆர்ஜினின்தான். அதே சமயம், இ.ஜி.எஃப்.பி. என்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் அந்த இடத்தில் குளூட்டமின் இருக்கிறது. சுவடிகளை ஒப்பிடுகிறவர்கள் ஒரே பிழையைப் பகிரும் ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்தவை என்று கண்டுபிடிப்பார்கள். பாடபேதம் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும். 80ஆம் இடத்தைப் பார்த்தால் ஜி.எஃப்.பி. வகைகளின் வம்சமும் அப்படியே தெரிகிறது.

இதே குளோனிங்கை இன்று செய்வதென்றால்

ஒரு மூலக்கூறு மூதாதையாகப் போகிற எந்த வேலைக்கும் உயர் துல்லிய நொதி வேண்டும். குளோனிங், குறிப்பிட்ட இடத்தில் மாற்றம் செய்வதற்காகப் பிளாஸ்மிட் முழுவதையும் பெருக்குவது, ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியாகப் படிக்கும் ஆழ்ந்த சீக்வென்சிங் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் டாக்கை எடுத்துவிட்டு அதே செய்முறையில் புது நொதியை ஊற்றினால் ஜெல்லில் பேண்ட் (துண்டு இருப்பதைக் காட்டும் கோடு) வராமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. இது வேறு நொதி, இதன் பழக்கம் வேறு.

முதலில் கலக்கும் வரிசை. வெட்டும் கத்தரி உள்ள நொதி, டி.என்.டி.பி. (இழையில் சேர்க்க வேண்டிய எழுத்துகள்) இல்லாத நேரத்தில் பிரைமரின் (நகலெடுப்பு தொடங்கும் சிறு இழையின்) நுனியையே தின்னத் தொடங்கும். ஐஸில் வைத்துக் கலந்து, நொதியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். சூடாகும் வரை வேலை செய்யாத ஹாட்-ஸ்டார்ட் வடிவமாக இருந்தால் கவலை குறைவு. பிரைமரின் 3 நுனியில் கத்தரிக்கு எளிதில் வெட்டுப்படாத பாஸ்ஃபோரோதயோயேட் பிணைப்பு ஒன்று வைத்து வாங்கினால் அந்த நுனி பத்திரமாக இருக்கும்.

அடுத்தது பிரைமர் ஒட்டும் வெப்பநிலை. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த நொதிகளின் பஃபரில் உப்பு வேறு அளவில் இருப்பதால், டாக்குக்குக் கணக்கிட்ட எண் பொருந்தாது. பெரும்பாலும் சில டிகிரி மேலே வைக்க வேண்டியிருக்கும். தயாரிப்பாளரின் கணிப்பானையே பயன்படுத்துவது நல்லது. ரெஸ்ட்ரிக்‌ஷன் தளத்துக்காகப் பிரைமரின் முன்னால் சேர்த்த வாலை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டெம்ப்ளேட்டோடு உண்மையில் ஒட்டும் பகுதியை மட்டும் எண்ண வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு கிரேடியன்ட் (ஒரே நேரத்தில் பல வெப்பநிலைகளில்) ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இழை பிரிக்க 98 டிகிரி, 5 முதல் 10 விநாடி. அதற்கு மேல் கொதிக்க விடுவது நல்லதல்ல. சூட்டில் சைட்டோசின் எழுத்து யுராசிலாகச் சிதையும். 2017 ஆய்வு சொன்ன முக்கியமான விஷயம் இது: கியூ5 போன்ற நொதிகளில், நொதி செய்யும் பிழை அவ்வளவு குறைந்துவிட்டதால், சூட்டினால் டி.என்.ஏ.வுக்கு ஏற்படும் சேதமே கணிசமான பங்காகிவிடுகிறது. நீட்டும் படிக்கு ஆயிரம் பேஸுக்கு 15 முதல் 30 விநாடி போதும். 717 பேஸுக்கு 20 விநாடி தாராளம்.

பெருக்கிய துண்டின் முனை மொட்டையாக இருக்கும். டாக் தன் நகல்களின் 3 முனையில் ஓர் ஏ எழுத்தைக் கூடுதலாக விட்டுவைக்கும், டி.ஏ. குளோனிங் வெக்டர்கள் அதை நம்பித்தான் செய்யப்பட்டவை. உயர் துல்லிய நொதியின் துண்டை நேராக அதில் போட்டால் காலனி கிடைக்காது. ஏ சேர்க்க விரும்பினால் முதலில் துண்டைச் சுத்திகரிப்புக் குழாயில் (column) சுத்தம் செய்து பழைய நொதியை நீக்க வேண்டும். இல்லையென்றால் சேர்த்த ஏ-வை அதுவே வெட்டி எடுத்துவிடும். அதன் பிறகு டாக்கையும் டி.ஏ.டி.பி.யையும் சேர்த்து 72 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் போதும். ரெஸ்ட்ரிக்‌ஷன் வெட்டுக்கு முன்பும் இதே சுத்தம் வேண்டும், ஏனென்றால் வெட்டிய ஒட்டு முனைகளை மிச்சமிருக்கும் பாலிமரேஸ் நிரப்பிவிடும். ஜெல்லிலிருந்து துண்டை வெட்டி எடுக்கும்போது குறை அலைநீளப் புற ஊதா விளக்கின்மேல் நேரம் போக்கக் கூடாது. நீல விளக்கு இருந்தால் அதுவே சிறந்தது. துல்லியமாகப் பெருக்கிய டி.என்.ஏ.வை அந்த இடத்தில் கெடுத்துவிடுவது பரிதாபம்.

யுராசில் இன்னொரு சிக்கல். ஆர்க்கியா வகைப் பாலிமரேஸ்கள் டெம்ப்ளேட்டில் யுராசில் வருவதை நான்கு எழுத்து முன்கூட்டியே உணர்ந்து நின்றுவிடும். உயிருள்ள செல்லில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பைசல்ஃபைட் செய்த (வேதி முறையில் சைட்டோசினை யுராசிலாக மாற்றிய) டி.என்.ஏ., டி.யு.டி.பி. (யுராசில் எழுத்து) போட்டுப் பெருக்கிய பழைய துண்டு, பழங்கால எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இவற்றில் ஒன்றும் பெருகாது. இதற்காகவே யுராசிலைப் பொருட்படுத்தாதபடி மாற்றப்பட்ட வடிவங்கள் விற்கின்றன.

எங்கே வேண்டாம் என்பதும் சுருக்கமாக. காலனியை நேரடியாகச் சோதிக்கும் காலனி பி.சி.ஆரில் துண்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. டாக் போதும், மலிவு. டாக்மேன் வகை அளவீட்டில் (ஒளிரும் குறியை வெட்டி டி.என்.ஏ.வை அளக்கும் முறை) 5-இலிருந்து 3 நோக்கி வெட்டும் திறன்தான் ஒளியைத் தருகிறது. அது டாக்கிடம் உண்டு, பி.எஃப்.யூ. வகையிடம் இல்லை. பிரைமரின் கடைசி எழுத்துப் பொருந்துகிறதா என்பதை வைத்து மரபணு வகையைக் கண்டுபிடிக்கும் முறைகளிலும் திருத்தும் நொதி ஆகாது. பொருந்தாத நுனியை அது வெட்டிச் சரிசெய்து, எல்லா மாதிரியிலும் பேண்ட் காட்டிவிடும்.

நொதி தொடாத பிழைகள்

உயர் துல்லிய நொதியைப் போட்ட பிறகும் குளோன்களில் மாற்றம் வருகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரைமர் இருந்த பகுதியை. பிரைமர் வேதி முறையில் எழுத்தெழுத்தாகச் சேர்க்கப்பட்டது. அதில் சில மூலக்கூறுகளில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். பாலிமரேஸ் பிரைமரைத் திருத்தாது, அப்படியே துண்டோடு சேர்த்துக்கொள்ளும். நொதி சுத்தமாக வேலை செய்யும் வேலைகளில், மிச்சமாகும் பிழைகள் இரண்டு ஓரங்களில் குவிந்திருப்பது இதனால்தான். நீண்ட பிரைமர்களைச் சுத்திகரித்து வாங்குவதும், இரண்டு மூன்று குளோன்களைப் படிப்பதும்தான் இதற்கு வழி.

ஒத்த மரபணுக்கள் கலந்திருக்கும் மாதிரியில் இன்னொன்று நடக்கும். பாதியில் நின்ற ஓர் இழை அடுத்த சுழற்சியில் வேறொரு மரபணுவின்மேல் ஒட்டி நீளும். முன்பாதி ஒன்று, பின்பாதி மற்றொன்று என்று கலப்பு மூலக்கூறு உண்டாகும். ஒவ்வோர் எழுத்தும் சரியாக நகலாகியிருப்பதால் எந்தக் கத்தரியும் இதைத் தடுக்காது. சுழற்சியைக் குறைப்பது, நீட்டும் நேரத்தைப் போதுமான அளவு கொடுப்பது ஆகியவை ஓரளவு உதவும்.

ஆகவே நொதி எதுவானாலும் குளோனின் உட்பகுதி முழுவதையும், இரு முனை இணைப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 717 பேஸை ஒரே சேங்கர் ஓட்டத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஓட்டத்தின் முதல் சில பத்து எழுத்துகளும் கடைசிப் பகுதியும் மங்கலாகவே வரும், அதனால் இரு பக்கத்திலிருந்தும் படிப்பது பாதுகாப்பு. முழு பிளாஸ்மிடையும் நானோபோர் சீக்வென்சிங் கருவியில் படிப்பது இப்போது எளிதாகியிருக்கிறது. உபரியாக வெக்டரும் சரிபார்க்கப்படும்.

வந்த வரிசையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பதிவில் எழுதி வைக்க வேண்டும். பிளாஸ்மிட் தந்தவர் அனுப்பிய வரைபடத்தோடு மட்டும் ஒப்பிட்டால், அந்த வரைபடத்திலேயே இருக்கும் மாற்றம் பிழையாகத் தெரியாது, எல்லாம் பொருந்தும். ஜி.எஃப்.பி. வகை ஒன்றைக் குளோன் செய்பவர், பிராஷர் 1992இல் வெளியிட்ட வரிசையையும் பக்கத்தில் வைத்து, 80ஆம் இடம் உட்பட வேறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அது வேண்டுமென்றே செய்ததா, வழியில் வந்ததா என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.